தேயிலை மலையில் உயிர் இரசாயனம் படிக்கத் தொடங்குவோருக்கு

சாதாரண தரப் பரீட்சையை முடித்துவிட்டு உயர்தரத்தில் உயிரியல் எடுக்கப்போகும் மலையகப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பரீட்சை எதுவும் இல்லாமல், உடம்புக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் பெரியவர்களும் தாராளமாக வாசிக்கலாம். உயர்தர உயிரியலின் இரண்டாவது அலகே உயிரின் இரசாயன அடிப்படையைப் பற்றியது. நிறையப் பேர் அங்கேயே சோர்ந்துபோகிறார்கள். காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம் என்று பெயர்ப்பட்டியலாகப் பாடமாக்கத் தொடங்கினால் சோர்வு வராமல் என்ன செய்யும்?

பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மூலக்கூறின் வடிவமும் அதன் பிணைப்புகளும் பிடிபட்டுவிட்டால் பெயர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். வடிவத்தைப் பிடிப்பதற்கு நம் தோட்டத்தையும் குசினியையும் விட நல்ல இடம் இல்லை. பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை, உயிரியல் பிரிவே பக்கத்து ஊரில்தான் இருக்கிறது என்பவர்களும் கீழே சொல்லும் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

சாமான்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெரிய கொப்பி ஒன்று, பென்சில், அழிறப்பர். மருந்துக் கடையில் மூன்று பொருட்கள்: காயத்துக்குப் போடும் அயடீன் கரைசல், 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட். ஸ்பிரிட் சட்டென்று தீப்பற்றும். அடுப்புள்ள பக்கமே கொண்டுபோக வேண்டாம். அயடீன் உடுப்பில் பட்டால் கறை பிடிக்கும். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பவைதான்: மூன்று நான்கு கண்ணாடிக் கிளாஸ், வெள்ளைப் பீங்கான் தட்டு, உப்பு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம், ஒரு தேநீர் வடி.

தண்ணீரில் தொடங்குங்கள்

பாடப்புத்தகத்தில் தண்ணீருக்கு ஒரு பக்கம்தான் கொடுத்திருப்பார்கள். நீங்கள் ஒரு கிழமையாவது கொடுங்கள். பின்னால் வரும் அத்தனையும் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு ஒட்சிசன் அணு, அதனோடு 104.5 பாகைக் கோணத்தில் இரண்டு ஐதரசன் அணுக்கள். ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் சிறிது மறை ஏற்றம், ஐதரசன் பக்கங்களில் சிறிது நேர் ஏற்றம். ஆகவே ஒரு நீர் மூலக்கூறின் ஐதரசன் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனை நாடுகிறது. இந்த மென்மையான ஈர்ப்பே ஐதரசன் பிணைப்பு. ஒரு நீர் மூலக்கூறால் நான்கு அயல் மூலக்கூறுகளோடு இப்படிச் சேர முடியும். தனியாக எடுத்தால் வலுக் குறைந்த பிணைப்புத்தான். ஆனால் பரம்பரைத் தகவலைத் தாங்கும் நியூக்கிளிக்கமிலமான டீ.என்.ஏயின் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிப்பதிலும் புரதத்தை மடித்து வைப்பதிலும் இதே பிணைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நாளே கொப்பியில் ஐந்து நீர் மூலக்கூறுகளை வரைந்து, ஐதரசன் பிணைப்புகளைப் புள்ளிக்கோடாகப் போட்டுப் பாருங்கள்.

பறித்த கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான் இருக்கிறது. ஒரு கிலோ தூள் எடுக்க ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து போவது அதனால்தான். மழை நாளில் நிறுவையில் கழிப்பது இலையின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணிக்கு. நான் சொல்வது இலையின் கலங்களுக்குள் இருக்கும் தண்ணீரை. சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலங்கள் எல்லாம் அதில்தான் கரைந்திருக்கின்றன. எண்ணெய்த்தன்மை உள்ளவை அதோடு சேராமல் ஒதுங்குகின்றன. எது கரைகிறது, எது ஒதுங்குகிறது என்ற இந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பாடத்தில் பாதியை விளங்கிக்கொள்ளலாம்.

காபனும் ஒரு சின்னக் கணக்கும்

நம் உடம்பின் நிறையில் ஏறத்தாழ 96 சதவீதம் ஒட்சிசன், காபன், ஐதரசன், நைதரசன் என்ற நான்கு மூலகங்கள்தான். இவற்றில் காபன் நான்கு பிணைப்புகளை உண்டாக்கும். சங்கிலியாகும், கிளை விடும், வளையமாகும். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். குளுக்கோசில் காபன் 6, ஐதரசன் 12, ஒட்சிசன் 6. பிரக்டோசிலும் அதே எண்ணிக்கை. அடுக்கியிருக்கும் விதம் மட்டும் வேறு. இரண்டையும் கூட்டினால் காபன் 12, ஐதரசன் 24, ஒட்சிசன் 12 வர வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து உண்டாவதுதான் நாம் தேத்தண்ணிக்குப் போடும் சீனி, அதாவது சுக்குரோசு. அதில் இருப்பதோ காபன் 12, ஐதரசன் 22, ஒட்சிசன் 11. குறைந்தது என்ன? ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. ஒரு நீர் மூலக்கூறு!

இரண்டு மூலக்கூறுகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறினால் அது ஒடுக்கல். நீர் உள்ளே புகுந்து பிணைப்பைப் பிரித்தால் அது நீர்ப்பகுப்பு. மாப்பொருள், கொழுப்பு, புரதம், டீ.என்.ஏ எல்லாவற்றையும் இந்த ஒடுக்கல் கணக்கிலேயே எழுதிக்காட்டலாம். நம் குடலில் சமிபாடு நடப்பது அதற்கு எதிர்த்திசையில். நான்கு குடும்பங்களையும் தனித்தனிப் பாடமாகப் படிக்கும் பிள்ளைக்கு நான்கு சுமை. இந்த ஒரு தாக்கத்தை விளங்கிக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு ஒரே சுமைதான். அதனால் இதைக் கையால் வரையாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

மாப்பொருளும் புல்லும்

உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து அயடீன் ஒரு துளி விடுங்கள். கருநீலமாகும். மாப்பொருளில் குளுக்கோசு அலகுகள் சுருளாக வளைந்து நிற்பதால் அயடீன் அந்தச் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கோதுமை மா, சோறு, பாண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு வெள்ளைப் பஞ்சிலும் விடுங்கள். பஞ்சும் முழுக்க முழுக்கக் குளுக்கோசினால் ஆனதுதான். ஆனாலும் கருநீலம் வராது.

பஞ்சில் இருப்பது செலுலோசு. அதில் ஒரு குளுக்கோசை விட்டு மறு குளுக்கோசு தலைகீழாகத் திரும்பி இணைந்திருக்கிறது. அந்தத் திருப்பத்தால் சங்கிலி வளையாமல் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஐதரசன் பிணைப்பால் இறுகிவிடுகிறது. நம் குடலில் இதை வெட்டும் நொதியம் (தாக்கத்தை வேகப்படுத்தும் புரதம்) இல்லை. அம்பேவலையில் புல் மேயும் மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. அலகு ஒன்றே, இணைந்த விதம் மாறியதும் ஒன்று சோறாகிறது, மற்றது நாராகிறது. வடிவம் வடிவம் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

தேங்காயெண்ணெய் ஏன் நுவரெலியாவில் உறைகிறது

கொழும்பில் போத்தலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தேங்காயெண்ணெய், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு வந்தால் வெள்ளைக் கட்டியாகிவிடும். அதன் உருகுநிலை 24 பாகை செல்சியஸுக்குப் பக்கத்தில். அதே இராக்கையில் இருக்கும் சோயா எண்ணெய் உறைவதில்லை.

கொழுப்பு மூலக்கூறில் ஒரு கிளிசரோலும் அதில் தொங்கும் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகளும் உண்டு. மூன்று இணைப்பு, மூன்று நீர் வெளியேற்றம். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் பெரும்பகுதி நிரம்பியவை, அதாவது சங்கிலியில் காபன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. நேரான சங்கிலிகள் ஆகையால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு சீக்கிரம் திண்மமாகின்றன. சோயா எண்ணெயில் பெரும்பகுதி நிரம்பாதவை. இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி முழங்கை மாதிரி மடங்குவதால் நெருங்கி அடுக்க முடிவதில்லை.

இங்கிருந்து கலமென்சவ்வுக்குப் போங்கள். மூன்றாவது சங்கிலியின் இடத்தில் ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தை வைத்தால் பொசுபோஇலிப்பிட்டு. அதன் தலை நீரை நாடும், இரண்டு வால்களும் நீரை வெறுக்கும். தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று தாமாகவே இரட்டைப் படையாகிவிடும். யாரும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு கலத்தின் வேலியும் இதுதான்.

புரதம்: கோக்கும் வரிசை

பதுளை ரயிலின் பெட்டிகளைப் போல அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுவப்படுகின்றன. ஒவ்வொரு கொளுவலிலும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அதுவே பெப்ரைட்டுப் பிணைப்பு. பெட்டிகளில் 20 வகை. சிலது நீரை நாடும், சிலது வெறுக்கும், சிலதில் ஏற்றம் உண்டு. கோத்து முடிந்த சங்கிலி நீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டு மடிகிறது. மடிந்த வடிவம்தான் வேலை செய்கிறது.

வரிசையில் ஒன்று மாறினால் என்ன ஆகும்? இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்தில் நான்கு சங்கிலிகள். அவற்றில் பீற்றாச் சங்கிலிக்கு 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுற்றாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வலீன் வந்துவிட்டால் அரிவாட்கலச் சோகை. குளுற்றாமிக் அமிலம் ஏற்றம் உள்ளது, நீரை நாடுவது. வலீன் நீரை வெறுப்பது. அந்த ஒரு இடம் பக்கத்து ஈமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ள, மூலக்கூறுகள் நாராகச் சேர்ந்து செங்குழியத்தையே வளைத்துவிடுகின்றன. இந்த மாற்றத்தை 1956இல் வேர்ணன் இங்ராம் கண்டறிந்தார். ஒரு நோயை ஒரேயொரு அமினோ அமிலம் வரைக்கும் துரத்திப் பிடித்த கதை இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

குசினியில் பார்க்க வேண்டுமானால் சூடான பாலில் தேசிக்காய் பிழியுங்கள். அமிலம் கூடி, பீ.எச் பெறுமானம் 4.6ஐ நெருங்கும்போது கேசீன் புரதம் தன் ஏற்றத்தை இழந்து திரண்டுவிடும். முட்டை அவிப்பதும் புரதம் தன் மடிப்பை இழப்பதுதான். நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகச் சுணங்குவது அதனால். ஆனால் முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 60 பாகையைக் கொஞ்சம் தாண்டினாலே போதும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 20இல் 9 அமினோ அமிலங்களை நம் உடம்பால் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும். கோதுமை மாவில் லைசீன் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெதியோனீன் குறைவு, அதைக் கோதுமை கொடுக்கிறது. வெறும் ரொட்டியும் சம்பலுமாக வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு கரண்டி பருப்புக்கறி சேர்வது இந்தக் கணக்கில் பெரிய விஷயம்.

நொதியம்: கொழுந்தைக் கையில் எடுங்கள்

இதற்குத்தான் மலையகத்தில் பிறந்தது ஒரு வரம். மருந்து அடிக்காத செடியில், கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு பிடி பறியுங்கள். மூன்று பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை அப்படியே வையுங்கள். இரண்டாவதைச் சாறு கசியும் வரை உள்ளங்கைகளுக்கிடையே நன்றாகக் கசக்கி வையுங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஆறியதும் அதே மாதிரிக் கசக்குங்கள்.

ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் கழித்து வந்து பாருங்கள். முதல் பங்கு பச்சை. இரண்டாவது செம்பு நிறம் ஏறி, பச்சை வாடை போய், ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) பக்கத்தால் நடக்கும்போது வரும் அந்த மணம் இலேசாக வந்திருக்கும். மூன்றாவது மங்கிய பச்சையாகவே கிடக்கும், எவ்வளவு கசக்கியிருந்தாலும்.

நடந்தது இதுதான். கொழுந்தில் பொலிபீனோல்கள் நிறைய; உலர்நிறையில் கால் பங்கு, சிலவேளை அதற்கும் மேல். அவை கலத்துக்குள் புன்வெற்றிடம் என்ற பைக்குள் இருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் வேறு அறையில். இடையில் மென்சவ்வு. கசக்கினால் மென்சவ்வு கிழிந்து இரண்டும் காற்றின் ஒட்சிசனோடு சந்திக்கின்றன. கற்றகீன்கள் என்ற நிறமற்ற பொலிபீனோல்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து செம்மஞ்சள் நிறத் தியாபிளேவின்களாகவும், மேலும் திரண்டு கபில நிறத் தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. கொதிநீர் பட்ட இலையில் அந்த நொதியம் புரதம் ஆகையால் மடிப்பு அவிழ்ந்து வேலையை இழந்துவிட்டது. சாமான் இருந்தும் வேலையாள் இல்லை.

தொழிற்சாலையில் நடப்பதும் இதேதான். உருளை இயந்திரம் கலத்தைக் கிழிக்கிறது, பரப்பி வைக்கும்போது நொதியம் வேலை செய்கிறது, உலர்த்தியின் சூடு அதை நிறுத்துகிறது. நொதிக்க வைப்பதாகச் சொன்னாலும் அந்த வேலையைச் செய்வது நுண்ணுயிர் இல்லை, இலையின் சொந்த நொதியம். பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே ஆவி காட்டி நொதியத்தை நிறுத்திவிடுகிறார்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில்தான் இருக்கிறது. இந்த இலையின் இரசாயனத்தை ஆராய்வதே அங்கு ஒரு தொழில் என்பதைப் படிக்கிற பிள்ளைகள் மனதில் வைத்திருங்கள்.

ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து, அடுத்த நாள் தளிர்கள் கருகிக் கபிலமாவதைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கட்டி உருவாகி மென்சவ்வு சிதைந்தால் அங்கேயும் இதே சந்திப்புத்தான்.

இரண்டாவது சோதனை உங்கள் உமிழ்நீரோடு. கஞ்சித் தண்ணியைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு ஐதாக்கி மூன்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உமிழ்நீர், ஒன்றில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீர் சேருங்கள். இருபது நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துளியைத் தட்டில் விட்டு அயடீன் சேருங்கள். உமிழ்நீர் சேர்த்ததில் மட்டும் கருநீலம் வராது, அல்லது மிகக் குறையும். உமிழ்நீரில் இருக்கும் அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்டியிருக்கும். நம் குளிருக்கு ஒரு எச்சரிக்கை: மேசையில் அப்படியே வைத்தால் தாக்கம் மிக மெதுவாக நடக்கும். உடம்புச் சூடுள்ள நீரில் மூன்று கிளாஸையும் நிறுத்தி வையுங்கள். வேண்டுமென்றே ஒரு முறை குளிரிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெப்பநிலையும் நொதியமும் என்ற பாடம் கையோடு முடிந்துவிடும்.

பேரொட்சைட்டை எடுங்கள். பச்சை உருளைக்கிழங்குத் துண்டில் விட்டால் நுரைக்கும், அவித்ததில் நுரைக்காது. காரணத்தை இப்போது நீங்களே எழுதலாம். அழுத்தமாக எழுதுங்கள்: உயிருள்ள கலம் இல்லாமலும் நொதியம் வேலை செய்யும். 1897இல் எட்வர்ட் புக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்ததைக் காட்டியபோதுதான் அது உறுதியானது. அதற்காக 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பொலிபீனோலைப் பற்றி வீட்டுக்குத் தேவையான ஒன்று. மரக்கறி, கீரை, பருப்பில் இருக்கும் இரும்பைத் தேயிலையின் பொலிபீனோல்கள் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் உடம்பு உறிஞ்சுவது குறைகிறது. உயிர்ச்சத்து சீ அதற்கு எதிராக, உறிஞ்சலைக் கூட்டுகிறது. ஆகவே சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிப்பதும், கீரைக்குத் தேசிக்காய் பிழிவதும் நல்லது. இரத்தச்சோகை நம் தோட்டத்துப் பெண்களைப் பல காலமாக வாட்டும் பிரச்சினை. இதை அம்மாவிடமும் அக்காமாரிடமும் சொல்லுங்கள். இரத்தச்சோகை ஏற்கெனவே இருந்தால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

சக்தி

ஏ.ரீ.பி என்ற மூலக்கூறில் மூன்று பொசுபேற்றுகள். கடைசிப் பிணைப்பு நீர்ப்பகுப்பு அடையும்போது கலத்துக்கு வேலை செய்யச் சக்தி கிடைக்கிறது. சுவாசம் அதை மறுபடி கட்டித்தருகிறது. எந்த நேரத்திலும் உடம்பில் இருப்பது மிகச் சிறிதளவுதான். ஆனாலும் மீண்டும் மீண்டும் உடைத்துக் கட்டுவதால் ஒரு நாளில் ஒருவர் பயன்படுத்தும் ஏ.ரீ.பியைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ அவருடைய உடல் நிறை வரும். தொடக்கத்தில் இவ்வளவு போதும். சுவாசத்தில் குளுக்கோசை உடைக்கும் கிளைக்கோப்பகுப்பின் பத்துப் படிகளை இப்போது பாடமாக்கவே வேண்டாம்.

டீ.என்.ஏயைக் கண்ணால் பாருங்கள்

நுவரெலியா ஸ்ட்ரோபெரி இதற்கு மிகப் பொருத்தம். பயிரிடும் ஸ்ட்ரோபெரியின் கலத்தில் நிறமூர்த்தத் தொகுதிகள் எட்டு இருப்பதால் டீ.என்.ஏ தாராளமாகக் கிடைக்கும். கிடைக்காத ஊரில் கனிந்த வாழைப்பழம் போதும்.

ஸ்பிரிட்டை முதல் நாளே மூடி நன்றாகக் குளிரவிடுங்கள். இரண்டு மூன்று பழங்களைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கூழாக்குங்கள். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் திரவமும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அதில் கொஞ்சத்தைக் கூழோடு சேர்த்து நுரைக்காமல் மெதுவாகக் கலந்து, பத்து நிமிடம் கழித்து வடியுங்கள். கிளாஸைச் சரித்துப் பிடித்து, அதே அளவு குளிர்ந்த ஸ்பிரிட்டை ஓரத்தால் மெல்ல வழியவிடுங்கள். இரண்டு திரவமும் கலக்கக்கூடாது. சில நிமிடங்களில் இடைப்படையில் வெள்ளையாக, சளி மாதிரி இழைகள் மேலெழும். ஒரு குச்சியால் சுருட்டி எடுக்கலாம். அதில் பெக்ரினும் புரதமும் கலந்துதான் இருக்கும், ஆனால் டீ.என்.ஏ இருக்கிறது.

செய்து முடித்ததும் காரணங்களை எழுதுங்கள். சவர்க்காரம் எதை உடைத்தது? பொசுபோஇலிப்பிட்டு மென்சவ்வை. உப்பு எதற்கு? டீ.என்.ஏயின் முதுகெலும்பில் வரிசையாக இருக்கும் பொசுபேற்றுகளின் மறை ஏற்றத்தை மறைப்பதற்கு. ஸ்பிரிட்? தண்ணீரில் கரையும் டீ.என்.ஏ அற்ககோலில் கரையாது. தண்ணீர்ப் பாடத்தில் கேட்ட கேள்வியே இங்கும் விடை தருகிறது. அதன்பிறகு புத்தகத்தைத் திறந்து இரட்டைச் சுருளைப் படியுங்கள்: அடெனினுக்குத் தைமின், இரண்டு ஐதரசன் பிணைப்பு, குவானினுக்குச் சைற்றோசின், மூன்று. 1953இல் வாற்சனும் கிறிக்கும் இதை முன்வைத்தபோது, ரோசலிண்ட் பிராங்ளின் எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்களும் அளவீடுகளும் அவர்களுக்கு ஆதாரமாக இருந்தன. அவருடைய பெயரையும் சேர்த்தே படியுங்கள்.

இனி எங்கே போவது

தேசிய கல்வி நிறுவகத்தின் உயர்தர உயிரியல் வளநூல் தமிழில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாக இறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. டேட்டா போட முடிகிற நாளில், புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துக்குப் போய் ஈமோகுளோபினைத் தேடி, அதைத் திரையில் விரலால் சுழற்றிப் பாருங்கள். 1971இல் தொடங்கிய அந்தத் தளம் எல்லாருக்கும் திறந்தது. நான்கு சங்கிலிகளையும் ஒவ்வொன்றிலும் இருக்கும் ஈம் தட்டையும் அதன் நடுவில் இரும்பு அணுவையும் தேடிக் கண்டுபிடியுங்கள்.

வாசிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: நீர், காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நொதியம், நியூக்கிளிக்கமிலம், அதன் பிறகுதான் சுவாசமும் ஒளித்தொகுப்பும். ஒவ்வொரு மூலக்கூறையும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தடவை வரையுங்கள். எங்கே நீர் வெளியேறியது என்று சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். வட்டம் போட முடியாத இடம்தான் இன்னும் விளங்காத இடம்; ஆசிரியரிடம் கேள்வியாகக் கொண்டுபோக வேண்டியதும் அதுவே.